ட்ரைவர் பக்கம், முன் சக்கரம்

எந்தக் கம்பெனி டயர் நல்லதுன்னு கவுண்டர்ல கேட்டுட்டிருந்தீங்களே, அங்கெல்லாம் கேக்காதீங்க தம்பி. எது விக்காம அடுக்கிக் கெடக்குதோ அதைத்தான் நல்லதும்பாங்க. இப்பிடி வந்து உக்காருங்க. உங்க வண்டிக்கு முன்னால மூணு வண்டி நிக்குது, எப்பிடியும் ஒரு மணி நேரம் ஆகும். ஃபேன் காத்தும் இந்தப் பெஞ்சுக்குத்தான் வரும்.

நான் சென்னியப்பனுங்க. இதே காங்கயம்தான். பஸ் கம்பெனி ஒன்னுல டயர் பாக்கற ஆளா இருபத்தாறு வருசம் இருந்தேன். பதினாலு பஸ்ஸு. காலைல அஞ்சு மணிக்கு இரும்புக் கம்பியோட எறங்குனன்னா, தட்டற சத்தத்துலயே சொல்லீருவேன் எதுல காத்துக் கம்மி, எது இன்னிக்கி வழியில காலை வாரும்னு. மொதலாளியே வந்து கேப்பாரு, "சென்னியப்பா, இந்த டயர் போகுமா?"ன்னு. நான் போகும்னா போகும். வேண்டாம்னா கழட்டியே ஆகோணும். அப்பிடி ஒரு பேருங்க எனக்கு.

அதனால சொல்றேன். கம்பெனிப் பேரைப் பாத்து மயங்காதீங்க. வெளிநாட்டுக்காரன் டயர்ல சத்தம் வராது, மெத்துன்னு போகும், ஆனா நம்ம ஊரு கல்லுல பக்கவாட்டுல கிழிஞ்சுக்கும். நம்மாளுக டயர் சத்தம் போடும், ஆனா தாங்கும். சைனாக்காரன் டயரு மழையில வழுக்கும்பாங்க, எனக்கு அனுபவம் இல்லை. இதெல்லாம் கூட ரெண்டாம் பட்சம். டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும். முன்னாடி ரெண்டு எத்தனாவது வாரம், பின்னாடி ரெண்டு எந்த வருசம். அதைத்தான் மொதல்ல பாக்கோணும். மேல பட்டன், அந்த வெட்டுப் பள்ளம், எவ்வளவு இருந்தாலும் சரி, ரப்பரு வயசாயிருச்சுன்னா வயசானதுதான். அதைப் பாக்காம வாங்காதீங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னு பாக்கறீங்களா? சொல்றேன். உங்களுக்கும் பொழுது போகோணுமில்ல.

போன தை மாசம் எம்பட வண்டிக்கு நாலு டயரும் மாத்துனனுங்க. பழைய டயர்ல இன்னும் ஓட்டம் இருந்துச்சு. எம்பட வீட்டுக்காரியை வண்டியில உக்கார வெக்கோணும், அதுக்காக மாத்துனது. மூணு வருசமா அவ வண்டியில ஏறலீங்க. மயிலாத்தான்னு பேரு. எம்பட கூட ஒரே வீட்டுலதான் இருக்கறா, சோறாக்கறா, துணி தொவைக்கறா. "சாப்பிட வாங்க", "தண்ணி வந்துருச்சு", "கேஸ் தீந்துருச்சு", இவ்வளவுதான் பேச்சு. வண்டியில ஏறுன்னா மட்டும், "நான் பஸ்ஸுல போயிக்கறனுங்க"ம்பா.

எங்களுக்கு ஒரே பையன். செழியன்னு பேரு வெச்சேன். நான் கருப்புச் சட்டைங்க. சாமி, சாத்திரம், சகுனம் ஒன்னும் கெடையாது. கல்யாணமே தாலி இல்லாமப் பண்றேன்னு நின்னவன், எங்கம்மா கெணத்து மேட்டுல போயி நின்னுக்கிட்டதனால கட்டுனேன். இவ நேரெதிர். வெள்ளிக்கெழமைன்னா தாராபுரம் ரோட்டுல இருக்கற மாகாளியம்மன் கோயிலுக்குப் போயே ஆகோணும். போறதுக்கு நான் தடை சொன்னதில்லை. "நீ போ, நான் புளியமரத்தடியில நிக்கறேன்"ம்பேன். அந்தளவுக்கு நான் நல்லவன்தான்.

செழியனுக்குக் கரூர்ல வேலை. தெனமும் போயிட்டு வரோணும்னு ஒரு பழைய கார் எடுத்துக் குடுத்தோம். எடுத்த அன்னிக்கி இவ ஒரு பை நெறையா எலுமிச்சம்பழம், தேங்காயி, கற்பூரம் எல்லாம் கொண்டாந்துட்டா. நாலு சக்கரத்துக்கும் பழம் வெச்சு ஏத்தோணும்னா. நான் பையை வாங்கித் திண்டு மேல வெச்சுட்டு, "சக்கரத்துல காத்து இருந்தாப் போதும்"னேன். பையன் சிரிச்சான். இவளும் சிரிச்சுட்டாங்க அன்னிக்கி.

அந்த வண்டிக்குப் பின்னாடி ரெண்டு டயரும் தேஞ்சு கெடந்துச்சு. தெரிஞ்ச எடத்துல இருந்து ரெண்டு டயர் கொண்டாந்து நாந்தான் போட்டேன். செகண்ட்ஹேண்டுதான், ஆனா பட்டன் புதுசாட்டம் இருந்துச்சு. தட்டிப் பாத்தேன். நல்ல சத்தம்.

சித்திரை மாசம், வெள்ளகோயிலுக்கு முன்னால, மத்தியானம் ரெண்டு மணி. பின் டயரு வெடிச்சு, வண்டி மூணு பல்டி. இருபத்தெட்டு வயசுங்க.

கொளுத்தற வெயிலு. ரோடு கொதிக்குது. அந்த வெயில்ல எந்த டயரும் வெடிக்கும் தம்பி. போலீஸ்காரரே சொன்னாரு, "இந்த வெயில்ல எந்த டயர்னாலும்"னு. ஊர்ல வந்தவங்களும் அதையேதான் சொன்னாங்க. இவ ஒன்னுமே சொல்லலை. அழுதா, கெடந்தா, எந்திரிச்சா. டயர்ங்கற வார்த்தையே அவ வாயில இருந்து வரலை. ஒருக்கா, ஒரே ஒருக்கா, "ஏனுங்க, இப்பிடிப் பண்ணிப் போட்டீங்களே"ன்னு எம்பட சட்டையைப் புடிச்சு உலுக்கியிருந்தான்னா எனக்குத் தேவலையா இருந்திருக்கும். மூணு வருசமும் அவ என்னை வெறுக்கறா, வெறுக்கறான்னுதான் நெனச்சுட்டிருந்தேன்.

அந்த நாலு நம்பரைப் பாத்தனான்னு கேக்கறீங்க, வாய் தொறந்து கேக்கலைன்னாலும் உங்க மூஞ்சி கேக்குது. பாத்தனுங்க. எட்டு வருசத்து டயரு. பாத்தேன். பஸ் கம்பெனியில அப்பிடி எத்தனையோ ஓட்டியிருக்கறோம்னு விட்டுட்டேன். சரி, அதை விடுங்க.

போன தையில அவளுக்கு முட்டி வீங்கிப் போச்சு. பஸ் ஸ்டாப்புல எறங்கி கோயிலுக்கு ஒன்னரை கிலோமீட்டர் உள்ள நடக்கோணும். பாக்கச் சகிக்கலீங்க எனக்கு. "நாலும் புது டயர் போடறேன். போன வருசக் கடைசியில செஞ்சதாப் பாத்து, நீயே வந்து பாரு. வண்டியில வா"ன்னு கெஞ்சுனேன். நான் கெஞ்சுனேன் தம்பி. "தாவூது தம்பி கடையில போடுவீங்களா?"ன்னா. ஆமான்னேன். "சரி"ன்னா.

தாவூதுன்னா ஈரோடு ரோட்டுல டயர் கடை வெச்சிருக்கறவன். எனக்கு முப்பது வருசப் பழக்கம். பஸ் கம்பெனியில எனக்குக் கீழ வேலைக்குச் சேந்து, அப்பறம் தனியாக் கடை போட்டவன். நோன்புக் கஞ்சி மொதல் தூக்கு எங்க வீட்டுக்குத்தான் வரும். செழியன் போனப்ப மூணு நாள் கடையைச் சாத்திட்டு எங்க வாசல்லயே கெடந்தான்.

டயர் மாத்தறப்ப இவளும் வந்தா. நான் அந்தப் பக்கம் பில்லுப் போடப் போனேன். திரும்பி வந்து பாத்தா இவளும் தாவூதும் ஓரமா நின்னு என்னவோ குசுகுசுன்னு பேசிட்டிருக்கறாங்க. என்னன்னேன். "முட்டி வலிக்கு நாட்டு மருந்து கேட்டாங்கண்ணா"ன்னான். நானும் சரின்னுட்டேன்.

அந்த வெள்ளிக்கெழமை அவ முன் சீட்டுல உக்காந்தா. மூணு வருசத்துக்கு அப்பறம். பெல்ட்டு போட்டுவிடறேன்னு போயி அவ வளையல்ல மாட்டி, "விடுங்க, நானே போட்டுக்கறேன்"னு சிரிச்சா. சிரிச்சாங்க! போற வழியில பருத்திக் காட்டைப் பாத்துட்டு, "இந்த வருசம் நல்லா வெடிச்சிருக்குது"ன்னா. எனக்கு அது போதும். கேஸ் தீந்துருச்சுங்கறதைத் தாண்டி ஒரு வார்த்தை வந்துருச்சு பாருங்க.

ரெண்டாவது வெள்ளிக்கெழமை ஆட ஆரம்பிச்சுது.

எழுவத்தஞ்சு வரைக்கும் ஒன்னுமில்லை. எண்பது தொட்டா ஸ்டீரிங்கு கையில நடுங்கும். தொண்ணூறுல உள்ளங்கை கூசும். நூத்திப் பத்துல தானா நின்னுக்கும். எனக்கு வந்துச்சு கோவம். இவளை உக்கார வெக்கறதுக்காகப் போட்ட டயரு, இவ பக்கத்துல உக்காந்திருக்கறப்பவே ஆடுது. இவ பயந்துக்குவாளேன்னு ஓரக்கண்ணுல பாக்கறேன். அவ என்னையே பாத்துட்டிருக்கறா. "எண்பதுல போனாத்தான ஆடுது? அறுவதுல போங்க. நமக்கென்ன அவசரம்"னா.

நெசமாலுமே அறுவதுல போனா ஆட்டமே இல்லீங்க. கெணத்துத் தண்ணியாட்டம் போகும். ஆனா எனக்குத் தெரியுமில்ல, உள்ள ஒரு கோளாறு இருக்குதுன்னு? தெரிஞ்சுக்கிட்டு எப்பிடிங்க சும்மா ஓட்டறது? இன்னொருக்கா சும்மா இருக்க முடியுமா நான்? நீங்களே சொல்லுங்க.

தாவூதுகிட்டப் போனேன். சக்கரத்தைக் கழட்டி, எடை ஒரு பக்கமாச் சாயுதான்னு பாக்கற பேலன்சிங் மெசின்ல மாட்டுனான். இருபது கிராம் ஈயம் ஒட்டச் சொல்லுது. ஒட்டிட்டு மறுக்காச் சுத்துனா வேற எடத்துல முப்பது கிராம்ங்குது. அதை எடுத்துட்டுச் சுத்துனா பதினஞ்சுங்குது. ஒரே சக்கரம், ஒவ்வொரு சுத்துக்கும் ஒவ்வொரு கணக்கு. இருபத்தாறு வருசத்துல நான் பாத்ததில்லை. தாவூது மூஞ்சி செத்துப் போச்சு. "அண்ணா, நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. நான் பாத்து வெக்கறேன்"னான். போனேன். வந்தேன். மெசின்ல சைபர் காட்டுது. சரியாப் போச்சுன்னு வந்துட்டேன்.

பத்து நாள்தான். திரும்ப ஆடுது.

திரும்பப் போனேன். திரும்பவும், "அண்ணா, டீ குடிச்சுட்டு வாங்க"ங்கறான். அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுது. எதுக்கு என்னைத் தாட்டி விடறான்? நான் இல்லாதப்ப என்ன பண்றான்? நல்ல டயரைக் கழட்டிட்டு வேற எதையாச்சும் மாட்டறானா? "டீ வேண்டாம், நான் இங்கயே நிக்கறேன். எம்பட கண்ணு முன்னால பண்ணு"ன்னேன். அவன் வெரலைப் பெசஞ்சுக்கிட்டு நிக்கறான். வேர்த்து ஊத்துது. "இன்னிக்கி மெசின் சரியில்லீங்ணா"ங்கறான். இத்தனைக்கும் எனக்கு முன்னால வந்த வண்டிக்கு அதே மெசின்லதான் பாத்தான்! பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொன்னா அப்பிடித்தான்.

வேற எடத்துல போயி அலைன்மென்ட் பாத்தேன். சரியா இருக்குதுன்னாங்க. சஸ்பென்சன் பாத்தேன். ரிம்மு கோணலான்னு பாத்தேன். கடைசியா ட்ரைவர் பக்கம் முன் சக்கரத்தைப் பின்னால மாத்திப் போட்டேன். ஸ்டீரிங்கு ஆடறது நின்னுச்சு, சீட்டு ஆட ஆரம்பிச்சுது. அப்ப என்னங்க அர்த்தம்? அந்த ஒரு டயருலதான் கோளாறு. பாத்தீங்களா, மூளை வேலை செஞ்சுது. அன்னிக்கி எனக்கு இருந்த சந்தோசம் இருக்குதே! வீட்டுக்கு வந்து இவகிட்ட, "கண்டுபுடிச்சுட்டேன், ட்ரைவர் பக்கம் முன் சக்கரம்! தாவூது ஏமாத்திட்டான்!"னேன். அரிசி பொடைச்சுட்டிருந்தா. மொறம் அப்பிடியே நின்னு போச்சு. "தாவூது தம்பி அப்பிடிப் பண்ற ஆளா? விட்ருங்க. அறுவதுலயே போலாம்"னா. "உனக்கு ஒன்னும் தெரியாது"ன்னேன்.

அப்பறம் நான் சும்மா இருக்கலை. கடைக்கடையாச் சொன்னேன். பழைய டயரைப் புதுசுன்னு தள்ளறான், நம்பிப் போகாதீங்கன்னேன். டயர்க் கடைக்காரங்க சங்கத்துல எழுதிக் குடுத்தேன். டயர் கம்பெனிக்கும் புகார் போட்டேன். தாவூது வீட்டுக்கு வந்தான். வாசல்லயே நின்னு, "அண்ணா, நாலும் வேற கம்பெனி டயரு, நீங்க எது சொல்றீங்களோ அது மாத்தித் தந்தர்றேன். அந்த ஒரு டயரை மட்டும் எனக்குக் குடுத்துருங்க"ன்னான். "ஓஹோ, அத்தாட்சியை அழிக்கறியா?"ன்னேன். உள்ள இருந்து இவ எட்டிப் பாத்தா. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அவன் செருப்பைப் போட்டுட்டுப் போயிட்டான்.

கம்பெனி இன்ஜினியர் வர்றேன்னு சொன்னது ஒரு வெள்ளிக்கெழமை. கோயிலுக்குக் கெளம்பியாச்சு, இவ முன் சீட்டுல பூக்கூடையோட உக்காந்திருக்கறா. அது அஞ்சாவது வெள்ளிக்கெழமை. அவர் தாவூது கடையில வந்து நிக்கறதாப் போன் வந்துச்சு. வண்டியை நேரா அங்க திருப்புனேன். "இன்னிக்கி வேண்டாங்க, பூசைக்கு நேரமாச்சு. ஏனுங்க, நாஞ் சொல்றதக் கேளுங்க"ன்னு எம்பட கையைப் புடிச்சா. மூணு வருசத்துக்கு அப்பறம் எம்பட கையைப் புடிச்சாங்க. நான் ஒதறிட்டேன். ஸ்டீரிங்கைத் திருப்போணுமில்ல?

கடையில நல்ல கூட்டம். இன்ஜினியர் டயரைப் பிரிக்கச் சொன்னாரு. தாவூது முன்னால வந்து, "சார், தப்பு எம்மேலதான். ஒத்துக்கறேன், எழுதிக் குடுக்கறேன். பிரிக்க வேண்டாம்"னான். "பாத்தீங்களா சார், பயந்துட்டான்!"னு நான் கத்துனேன். பிரிச்சாங்க.

டயருக்குள்ள இருந்து ஒன்னு விழுந்துச்சுங்க. சுண்டு வெரல் நீளம். சுருட்டி, நூல் சுத்தி, மெழுகு போட்டது. ரப்பர் பேட்ச் ஒன்னு பாதி ஒட்டிக்கிட்டுத் தொங்குது. செப்புத் தகடு. கோயில்ல மந்திரிச்சுத் தருவாங்களே, அது. பேட்ச் வெச்சு உள்ள ஒட்டியிருக்கறான், சூட்டுல பேட்ச் கழண்டு அது பாட்டுக்கு உள்ள சுத்திட்டிருந்திருக்குது. டீ குடிக்கப் போகச் சொன்னதெல்லாம் அதைத் திரும்ப ஒட்டறதுக்கு.

எனக்குக் கண்ணு தெரியலை. "எம்பட வண்டிக்கே செய்வெனை வெக்கறியாடா?"ன்னு தாவூது கன்னத்துல ஒன்னு வெச்சுட்டேன். செய்வெனையெல்லாம் நான் நம்பறவனே இல்லீங்க, ஆத்தரத்துல வாயில வந்துருச்சு. அவன் கையைக் கூடத் தூக்கலை. குனிஞ்சுக்கிட்டு நின்னான்.

"நாந்தானுங்க குடுத்தேன்"னு பின்னால இருந்து சத்தம் வந்துச்சு. மயிலாத்தா. பூக்கூடையைப் புடிச்சுட்டு நிக்கறா. "நாந்தான் தாவூது தம்பிகிட்டச் சத்தியம் வாங்கிட்டு வெக்கச் சொன்னேன். நீங்க உக்கார்ற பக்கமாப் பாத்து வெக்கச் சொன்னேன்"னா.

அத்தனை பேரு பாக்கறாங்க. இன்ஜினியர் வாயை மூடிட்டுச் சிரிக்கறாரு. டயர்ல எமன்னு பேரெடுத்த சென்னியப்பன் டயருக்குள்ள தகடு! எனக்கு எப்பிடி இருக்கும்? நூலைப் பிச்சு விரிச்சேன். கட்டம் போட்டு நம்பர் எழுதியிருக்குது, கீழ ஆணியில கீறுனாப்பல ஒரு வரி. சத்தமாப் படிச்சேன், எகத்தாளமா, எல்லாருக்கும் கேக்கறாப்பல. "சென்னியப்பன், கேட்டை நட்சத்திரம்." எம்பட நட்சத்திரம் கேட்டைன்னு எனக்கே அன்னிக்கித்தான் தெரியும். அதைக் கசக்கிச் சாக்கடையில வீசுனேன்.

அதோட விட்டிருக்கலாம். விட்டிருக்கலாங்க. எம்பட வாயி.

"தகடு காப்பாத்தும்னா, இந்தத் தகடை அன்னிக்கி உம்பட பையன் வண்டியில வெச்சிருக்க வேண்டியதுதான?"ன்னு கேட்டுட்டேன்.

ஏர் கம்ப்ரசர் மட்டும் ஓடிட்டிருந்துச்சு, தாவூது போயி அதை நிறுத்துனான். அவ என்னைப் பாத்தா. கோவம் இல்லீங்க. கத்தலை. "அன்னிக்கி நீங்க பாத்துப் போட்ட டயர்ங்கற தைரியத்துல விட்டுட்டனுங்க"ன்னா.

அவ்வளவுதான். மூணு வருசத்துல டயரைப் பத்தி அவ பேசுனது அந்த ஒரு வார்த்தை. எலுமிச்சம்பழப் பையை நான் திண்டு மேல வெச்சப்ப அவ சிரிச்சது எதுக்குன்னு அப்பத்தான் புரிஞ்சுது. எம்பட மேல இருந்த நம்பிக்கையிலங்க. ஊருக்கு ஒரு சாமி இருக்கட்டும், டயருக்கு எம்பட வீட்டுக்காரரு இருக்கறாருன்னு நெனச்சிருக்கறா. பூக்கூடையை எடுத்துக்கிட்டு ரோட்டைத் தாண்டிப் போயி பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டா.

ஐயோ, அவ என்னை வெறுக்கலீங்களே தம்பி. பையன் போன ரோட்டுல நானும் போயிரக் கூடாதுன்னு, நம்பாதவன் சட்டையில வெச்சா எடுத்து எறிஞ்சுருவான்னு, டயருக்குள்ள வெச்சிருக்கறா. அதைத்தான் நான் வாரக்கணக்கா ஊரெல்லாம் கூட்டிக் கோளாறு கோளாறுன்னு கத்திட்டிருந்தேன். அறுவதுல போயிருந்தா என்னங்க கொறஞ்சிருக்கும்?

வீசுனதைத் தேடுனனுங்க. அடுத்த நாள் விடிகாலம் சாக்கடையில எறங்கித் துழாவுனேன். சித்த நேரத்துல பக்கத்துல ஒரு ஆளு எறங்குனான், பாத்தா தாவூது. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அவனும் துழாவறான். கெடைக்கலை. "வாங்கண்ணா, கையைக் கழுவுங்க"ன்னு தண்ணி ஊத்துனான். அடிச்ச கன்னத்தைப் பாத்துக்கிட்டே கை கழுவுனேன். அதுக்கப்பறம் அவன் கடைப் பக்கம் போக முடியலைங்க. அவன் கூப்புடத்தான் செய்யறான். அதனாலதான் போக முடியலை. காத்துப் புடிக்கக் கூட இங்கதான் வர்றேன்.

கோயிலுக்கும் போனேன். நான் போனனுங்க, கருப்புச் சட்டையோட. மரத்தடியில நிக்கலை, உள்ளயே போனேன். அதே மாதிரி ஒரு தகடு வேணும், பேரு சென்னியப்பன், கேட்டைன்னு பூசாரிகிட்டச் சொன்னேன். "அவியவியளுக்கு அவியளே கட்டிக்கறதில்லீங்க. உங்களுக்காக இன்னொருத்தர் வேண்டிக்கிட்டு வாங்கிக் குடுக்கோணும்"னாரு. அப்பிடீன்னா எம்பட வீட்டுக்காரி பேருக்கு ஒன்னு போட்டுக் குடுங்க, நான் வேண்டிக்கறேன்னேன். மயிலாத்தான்னேன். எழுதிட்டு நிமுந்து, "நட்சத்திரம்?"னாரு.

தெரியலீங்க. முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு கல்யாணமாகி. எனக்குத் தெரியலை. போயிக் கேட்டுட்டு வர்றேன்னுட்டு வந்துட்டேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது?

இப்ப வண்டி நூறுல போனாலும் ஆடறதில்லீங்க. ஸ்டீரிங்கை ஒத்த வெரல்ல புடிக்கலாம். அதே டயர்தான், அதே கம்பெனிதான். நீங்க தாராளமா வாங்கிப் போடுங்க, டயர்ல ஒரு குத்தமும் இல்லை.

அவ வீட்டுலதான் இருக்கறா. சோறு போடறா. வெள்ளிக்கெழமையானா பூக்கூடையை எடுத்துக்கிட்டுக் கெந்திக் கெந்திப் போயி, எங்க வீட்டுக்கு எதுத்தாப்பல இருக்கற ஸ்டாப்புல நிப்பா. போன வெள்ளிக்கெழமை நானும் வண்டியை எடுத்துட்டுப் போயி அவ முன்னால நிறுத்துனேன். எட்டி உள்ள இருந்தே அவ பக்கத்துக் கதவைத் தொறந்து விட்டேன். அவ கிட்ட வந்தா. கூடையை இடுப்புல இடுக்கிக்கிட்டா. ஏறப் போறான்னு நெனச்சுச் சீட்டு மேல கெடந்த எம்பட துண்டைக் கூட எடுத்துட்டேன். அவ கதவை நல்லா அழுத்திச் சாத்துனா. சரியா விழுந்துச்சான்னு ஒருக்கா இழுத்துப் பாத்தா. அப்பறம் பஸ் வந்துருச்சு, ஏறிட்டாங்க.